கைக்கூலியாகக் கொடுத்த வேலை

கொங்காவெல,
மாத்தளை.
1971 ஜூலை 13

ஐந்து வேளைத் தொழுகையிலும் யாருடைய பெயரை முதலில் சொல்லிக் கையேந்துகிறேனோ அந்த என் மகன் மஹ்ரூபுக்கு, மாமா முத்தலிப்பின் ஸலாம்.

நான் சுகம். உன் உம்மா றாபியா சுகம். தங்கச்சி நூருன்னிஸாவும் சுகம். நீ அனுராதபுரம் முகாமில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே எல்லோருக்கும் கவலை. பட்டாளத்துச் சோறு எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யுத்தக் காலத்தில் திருகோணமலையில் வெள்ளைக்காரத் துரைமார் என் கையால் ஆக்கின இறைச்சிக் கறியைத் தின்றுவிட்டுத்தான் ஜப்பான்காரனை எதிர்த்து நின்றார்கள். ஒரு ஜெனரல் சமையற்கூடத்துக்கே வந்து, முத்தலிப், நீ இல்லையென்றால் இந்தத் துறைமுகம் விழுந்திருக்கும் என்று தோளில் தட்டினார். அதை எந்தப் பாஷையில் சொன்னார், உங்களுக்கு எப்படி விளங்கிற்று என்று உன் உம்மா இடக்காகக் கேட்பாள். தோளில் தட்டுவது விளங்கப் பாஷை எதற்கு?

உன் கடிதத்தில் வேலையைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மக்கீன் முதலாளியின் லொறி உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. வாலிபப் பையன்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பின ஏப்ரல் குழப்பத்தில் வொலண்டியர் படைக்காரர்கள் எல்லோரும் உடனே வரவேண்டும் என்று றேடியோவில் சொன்ன அன்று, உன்னை ரயிலேற்ற முதலாளியே ஸ்டேசனுக்கு வந்தாரே, மறந்துவிட்டாயா? உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நாட்டுக்காகப் போறீங்க தம்பி. ஒங்கட எடம் அப்படியே ஈக்கும். எவனும் தொட மாட்டான்" என்று சொன்னார். நான் கேட்டேன். கடையில் மூட்டை தூக்குகிற அழகமுத்து பக்கத்தில் நின்று கேட்டான். படைக்குக் கூப்பிட்ட ஆளுக்குப் பழைய வேலையை முதலாளி திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும், அது சட்டம் என்று உன் கேப்டனும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். சட்டமும் நம் பக்கம், முதலாளியின் வாயும் நம் பக்கம். இனி என்ன?

ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளா? லொறி நின்றால் நாலந்தாப் பக்கத்து மிளகையும் கொக்கோவையும் யார் ஏற்றுவது? முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பி, "வெளியாள் ஒருத்தனப் போட்டா பொறகு எறக்குறது கஷ்டம் நானா. ஒங்கட குடும்பத்துலயே ஒருத்தர அனுப்புங்க. மஹ்ரூப் வந்த அன்டைக்கு அவர் எறங்கிருவாரு" என்று யோசனை கேட்டார். யோசனை என்றால் மாத்தளையில் என்னிடம்தானே வருவார்கள். என் மகள் மஸீனாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை ஜுனைதீனிடம் லைசன் இருந்தது. அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மஹ்ரூப் வரும்வரைக்கும்தான் என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். வீட்டு ஆள் இருந்தால் இடத்தைப் பூட்டிச் சாவியை நம் பையில் போட்ட மாதிரி.

இனிக் கல்யாணச் சங்கதிக்கு வருகிறேன். போன ஞாயிறு மஸீனாவின் நிக்காஹ் முடிந்தது. நீ இல்லாதது ஒன்றுதான் குறை. அரிசி கிடைக்காத இந்த நாளில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். உன் உம்மா நூறு பேர் என்று எழுதினால் நம்பாதே, அவள் குசினியில் இருந்தாள்.

முதலாளிக்கும் எனக்கும் ஒரே சஹன். பள்ளிவாசல் தலைவர், மாப்பிள்ளையின் சாச்சா, இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள், ஆறு பேரும் ஒரே தட்டில் கை வைத்தோம். அந்தச் சாச்சா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கோழிக் காலை உடைத்துக்கொண்டே, "எல்லாம் சரி நானா, மாப்பிள்ளைக்கு எனத்த கைக்கூலி குடுத்தீங்க? காதுல விழவே இல்லயே" என்று கேட்டார். என்னிடம் மாப்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க ஒன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதாவது இருந்தது, கல்யாணத்தில் போட்டுவிட்டேன். விடுவேனா நான்? "எல்லாரும் காசு குடுப்பாங்க, அது கரைஞ்சு போகும். நான் லொறி ஸ்டேரிங்கையே குடுத்திருக்கேன். மஹ்ரூபுட எடம் இனி ஜுனைதீனுக்குத்தான். நான் வளத்த புள்ள, என்ட சொல்லத் தாண்டுவானா?" என்று போட்டேன் ஒரு போடு. சாச்சா கோழிக் காலைத் தட்டில் போட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிதான் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்துவிட்டு நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவைத்தார். எனக்கு அவ்வளவு மரியாதை. நீ இதை மனதில் போட்டுக்கொள்ளாதே. விருந்துப் பேச்சு கை கழுவினதோடு போய்விடும்.

இராத்திரியில் லொறி ஓட்டச் சொன்னால் பாலங்களில் மெதுவாகப் போ. அல்லாஹ் உனக்கு முன்னாலும் பின்னாலும் காவலாக இருப்பானாக.

உன் வாப்பா இல்லாத குறை தெரியாமல் உன்னை ஆளாக்கிய,
மாமா முத்தலிப்


கொங்காவெல,
மாத்தளை.
1971 டிசம்பர் 12

என் மகன் மஹ்ரூபுக்கு, மாமாவின் ஸலாமும் துஆவும்.

புது வருடம் பிறந்த பிறகு உங்கள் ஆட்களை விடுவார்கள் என்று நீ எழுதியதைப் படித்து உன் உம்மா அழுதாள். சந்தோஷ அழுகைதான். இங்கே மழை விடவில்லை. என் இடுப்பு வலியும் விடவில்லை. எங்கள் மஸீனா முழுகாமல் இருக்கிறாள். நீ மாமாவாகப் போகிறாய்.

நீ வரும் சங்கதியைச் சொல்லலாம் என்று மக்கீன் முதலாளியிடம் போனேன். முதல்முறை அவர் லுஹருக்குப் பள்ளிக்குப் போய்விட்டார் என்றார்கள். பின்னேரம் அஸர் நேரம் போனேன், கண்டிக்குப் போய்விட்டாராம். பிறகு ஒருநாள் கடை திறக்கும்போதே போய் வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் பயந்துபோய்க் கதிரையைத் துடைத்து உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். மிளகு விலை, மழை, என் மகளின் சுகம், எல்லாம் கேட்டார். உன் பெயரை நான் எடுத்ததும் கணக்குப்பிள்ளையைப் பார்த்து ஏதோ கேட்கத் தொடங்கிவிட்டார். நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். தேநீர்க் கோப்பை துள்ளி விழுந்தது. சரி, விழவில்லை, ஆடியது.

அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் கூட்டவில்லை. "மஹ்ரூப நான் நிப்பாட்டல்லயே நானா. நிப்பாட்டினாத்தானே சட்டம் என்னப் பிடிக்கும்? ஒங்கட குடும்பத்து எடத்த ஒங்கட குடும்பத்துக்கே குடுத்தீங்க. நான் கேட்டனா? நீங்களாத்தான் சொன்னீங்க, கைக்கூலியாக் குடுத்தேன்டு. பள்ளித் தலைவரும் அந்தச் சஹன்லதானே இருந்தாரு."

நான் சிரித்துப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்தபோது அழகமுத்து மூட்டையை இறக்கிவிட்டுப் பின்னாலேயே வந்தான். எல்கடுவப் பக்கத்துத் தோட்ட லயத்துப் பையன், பொய் பேசமாட்டான். "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. மஹ்ரூப் நிரந்தர ஆளு. லீவு குடுக்கணும், சேமலாப நிதி கட்டணும். ஒங்க மருமகனுக்கு அது ஒண்ணும் இல்லீங்க. ஞாயித்துக்கெழமையும் ஓட்டுறாரு, மூட்டையும் தூக்குறாரு. மொதலாளி இவர விடுவாரா?" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாட்டுக்காகப் போகிறீர்கள் என்று உன் கையைப் பிடித்த கை, அப்போதே உன்னைத் தள்ளிவிடவும் வழி பார்த்திருக்கிறது.

அன்றைக்கே ஜுனைதீனைக் கூப்பிட்டு, மஹ்ரூப் வருகிறான், நீ இறங்கத் தயாராக இரு என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்தான். "எறங்கிறதுண்டா நான் எங்க ஏறுற மாமா?" என்றான். மஸீனா கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை, என் வீட்டில் எனக்கென்ன பயம், மழை நேரத்தில் எதற்குச் சண்டை என்றுதான்.

நீ மனம் விடாதே. யுத்தம் முடிந்து வந்தவர்களுக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் வேலை எனக்காகக் காத்திருக்கும் என்று போகும்போது துரை சொல்லித்தான் அனுப்பினார். திரும்பி வந்து, பட்டன் எல்லாம் துலக்கி, மெடலைக் குத்திக்கொண்டு போனேன். என் கதிரையில் பட்லரின் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். துரை மெடலைத் தொட்டுப் பார்த்து, மிக அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கை கொடுத்தார். எனக்கும் அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஆகையால் நானேதான் வேண்டாம் என்று வந்தேன். அதை யாரும் உனக்கு மாற்றிச் சொன்னால் நம்பாதே.

உன் விஷயத்தை அப்படி விடமாட்டேன். உன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு தொழிற் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாயிற்று. ஞானசுந்தரம் என்று ஒரு அதிகாரி, யாழ்ப்பாணத்து ஆள். நான் பேசின பேச்சில் கந்தோரே எழுந்து நின்றது. விசாரணைக்கு நாள் வைத்து எல்லோருக்கும் அழைப்பு வரும். உனக்கும் அனுப்புவார்கள். முகாமில் விடாவிட்டால் கவலைப்படாதே, நான் இருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் மக்கீன் தாங்கமாட்டார்.

உன் உம்மா கம்பளிச் சட்டை அனுப்பச் சொன்னாள், அனுராதபுரத்தில் எதற்குக் கம்பளி என்றேன், கேட்கவில்லை. பார்சலில் வருகிறது.

வஸ்ஸலாம்,
மாமா


கொங்காவெல,
மாத்தளை.
1972 ஜனவரி 16

மஹ்ரூபுக்கு,

அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். உன் உம்மாவும் தங்கச்சியும் சுகம். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இப்போது எழுதுவதை நூருன்னிஸாவிடம் வாசித்துக் காட்டினேன். நடந்ததற்கு மேல் ஒரு சொல் இருந்தாலும் வெட்டு என்று சொன்னேன். இரண்டு இடத்தில் வெட்டினாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை நடந்தது. உன்னை முகாமில் விடவில்லை என்று தந்தி வந்ததால், உனக்காகப் பேச நான் இருக்கிறேன் என்று முன்னால் போய் உட்கார்ந்தேன். முதலாளி வந்தார். பள்ளித் தலைவர் வந்தார். ஜுனைதீனின் சாச்சா வந்தார். ஜுனைதீன் முதலாளியின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். சஹனில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தோம், நடுவில் சோறுதான் இல்லை.

ஞானசுந்தரம் ஐயா முதலில் என்னைத்தான் கேட்டார். "மஹ்ரூபின்ர இடத்தை மருமகனுக்குக் கைக்கூலியாக் குடுத்தனான் எண்டு நீங்கள் சொன்னனீங்களோ, இல்லையோ?"

சொன்னேன் ஐயா, ஆனால் அது விருந்தில் சொன்ன பெருமைப் பேச்சு, என்னிடம் கொடுக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால், ஜுனைதீனின் சாச்சாவுக்கு முன்னால், அதைச் சொன்னேன் மகன்.

முதலாளி எழுந்தார். கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "ஐயா, இவரு ஜெனரலுக்குக் கறி ஆக்கி துறைமுகத்தக் காப்பாத்தின ஆளு. மாத்தளையில எல்லாருக்கும் தெரியும். இவரு சொல்லுறதுல எனத்த எடுக்கிற, எனத்த உடுற? அன்டைக்கு அஞ்சு பேருக்கு முன்னால சொன்னாரு, நான் நம்பினேன். இன்டைக்கு இல்லங்கிறாரு" என்றார். கந்தோரில் இருந்த பியோன் வரைக்கும் சிரித்தார்கள். பள்ளித் தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் கேட்டபோது, ஆம், சொன்னார், நான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டதைத்தான் சொன்னார்.

நான் முதலாளியைப் பார்த்து இரண்டுதான் கேட்டேன். இத்தனை வருடம் நான் சொன்ன எல்லாப் பேச்சையும் சிரித்துத் தள்ளினீர்களே, அதில் இந்த ஒன்றை மட்டும் ஏன் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஸ்டேசனில் நீங்கள் சொன்ன வார்த்தை பெருமைப் பேச்சா, உண்மையா என்றும் கேட்டேன். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டேசனில் பக்கத்தில் நின்று கேட்ட அழகமுத்துவைக் கூப்பிடச் சொன்னேன். அன்று அவனை மிளகு மூட்டை கட்ட நாலந்தாவுக்கு பஸ்ஸில் அனுப்பியிருந்தார்கள்.

ஜுனைதீனைக் கேட்டார்கள், மஹ்ரூப் வந்தால் இறங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று. நான்தான் அவனைக் கையைப் பிடித்து அந்த ஸீட்டில் ஏற்றினேன், சொல்லித்தான் ஏற்றினேன். அவன் என் பக்கம் திரும்பாமல், "மாமா அப்படி எனத்தயும் சொல்லல்ல. கைக்கூலிண்டு தந்தாரு, எடுத்தேன்" என்றான். என் மகளுடைய புருஷன். தினமும் என் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவன். அவன் பொய் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை மகன். நான் உண்மை சொன்னபோதுதான் சிரித்தார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது லொறி வாசலில் நின்றது. "ஏறுங்க மாமா, வீட்டுக்குத்தானே போறேன்" என்றான். நான் நடந்தே வந்தேன். வீட்டில் மஸீனா தேநீர் வைத்தாள். அவளுக்குப் பங்குனியில் பிள்ளை கிடைக்கும். தன் புருஷன் அந்த ஸீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவள் வேண்டுகிறாள், எனக்குத் தெரியும். தகப்பனாய் இருந்தும் அதைக் கேட்டு நான் துஆச் செய்யவில்லை.

மறுநாள் தனியாகக் கந்தோருக்குப் போனேன். ஞானசுந்தரம் ஐயா நல்ல மனிதர். விறாந்தையில் நிறுத்தி வைத்து விளங்கப்படுத்தினார். "நீங்கள் சொன்னதைத் திரும்பத் திரும்ப இல்லை எண்டு சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்த இடம் உங்கட இல்லை, மஹ்ரூபின்ர. அதைக் குடுக்க உங்களுக்கு உரிமை இருந்ததோ எண்டதுதான் கேள்வி. உரிமை இல்லை எண்டால் முதலாளி திருப்பிக் குடுக்கத்தான் வேணும். உரிமை இல்லை எண்டதை மஹ்ரூப் வந்து தன்ர வாயால சொல்ல வேணும். முதலாளியின்ர ஆள் கேப்பார், உங்களை வளத்தவர் இவர்தானே, இவர் சொல்லுத்தானே உங்கட வீட்டில எல்லாம் எண்டு. அதில அவர் தடுமாறினால் எல்லாம் போச்சு" என்றார். அடுத்த விசாரணைத் தவணைக்கு நீ வந்தே ஆக வேண்டும் என்று உன் கேப்டனுக்கு அவரே எழுதியிருக்கிறார்.

அதனால் மகன், வா. யூனிபோர்மோடு வா. ஸ்டேசனில் உன்னை அனுப்பி வைத்தவர்கள் நீ எந்த உடுப்பில் போனாய் என்பதைப் பார்க்கட்டும். வந்ததும் நேரே உன் உம்மா வீட்டுக்குப் போ, இங்கே வராதே. உன்னை நான் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது.

முத்தலிப் உனக்கு யார் என்று கேட்பார்கள். உம்மாவின் கூடப்பிறந்த நானா என்று மட்டும் சொல். வாப்பா மௌத்தான பிறகு வளர்த்தவர் என்று நீ சொல்லப் பார்ப்பாய், எனக்கு உன்னைத் தெரியும், சொல்லாதே. என் வேலையைப் பற்றிப் பேச இவருக்கு ஒரு உரிமையும் இல்லை, இவரிடம் நான் எதையும் ஒப்படைக்கவில்லை, இவர் சொன்னது என்னைக் கட்டாது என்று சொல். சத்தமாகச் சொல். நீ எனக்கு மரியாதை வைத்து மென்று விழுங்கினால் மக்கீன் அந்த மரியாதையைத்தான் பிடித்துக்கொள்வார். என்மேல் நீ வைத்த மரியாதையைக் கொண்டே உன் சோற்றை எடுத்துவிடுவார்.

நான் கதவுப் பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பேன். ஒன்றும் பேசமாட்டேன். சொல்லி முடித்த பிறகு என் பக்கம் திரும்பாதே. முகம் பார்த்தால் உன் குரல் இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான்.

எனக்குக் கொடுத்த நாக்கைப் போல் இல்லாமல், குறைவாகப் பேசி உறுதியாக நிற்கிற நாக்கை அல்லாஹ் உனக்குத் தருவானாக. அந்த ஒரு நாளைக்காவது தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் உம்மாவின் நானா,
முத்தலிப்